நெகட்டிவ் குரூப் அம்மா, பாசிட்டிவ் குழந்தை: ஒரு ஊசி, ஒரு கேள்வி

1/
ரத்தம் எங்கே உற்பத்தி ஆகுதுன்னு கேட்டா, எலும்பு மஜ்ஜையிலன்னு பத்தாவது படிக்கிற பிள்ளையும் சொல்லிடும். சரியான பதில்தான். ஆனா நீங்க பிறக்கிறதுக்கு முன்னாடி பல மாதம் உங்க ரத்தத்தைத் தயாரிச்சது எலும்பு இல்ல, உங்க லிவர். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா, நெகட்டிவ் குரூப் பெண்களுக்குப் போடுற ஒரு ஊசி ஏன் அவ்வளவு அவசியம்னு புரியும். அந்த ஊசியைப் பத்தியும், அது சேர வேண்டியவங்களுக்குச் சேராம தடுக்கிற நம்ம பழக்கத்தைப் பத்தியும்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
முதல்ல அந்த லிவர் கதை.

கரு உருவான மூணாவது வாரத்துலயே ரத்த அணுக்கள் தோன்ற ஆரம்பிச்சிடும். அப்ப எலும்பே கிடையாது, மஜ்ஜைக்கு எங்க போறது? கருவோட ஒட்டிக்கிட்டிருக்கிற ஒரு சின்னப் பையிலதான் முதல் ரத்த அணுக்கள் பிறக்குது. அடுத்து, கருவோட பெருந்தமனிச் சுவர்ல ரத்த ஸ்டெம் செல்கள் உருவாகி, ரத்த ஓட்டத்துல மிதந்துபோய், இரண்டாம் மாதத்துல லிவர்ல குடியேறுது.

3/
அதுக்கப்புறம் ஆறு ஏழு மாதம் வரைக்கும் லிவர்தான் பிரதானத் தொழிற்சாலை. பத்தாவது வாரத்துல கருவோட மொத்த எடையில பத்துல ஒரு பங்கு லிவர்தான். பெரியவங்களுக்கு அது நூத்துல ரெண்டு பங்கு. அந்த வயசுல லிவர் அவ்வளவு பெருசா இருக்கிறதுக்கு முக்கியக் காரணம் இந்த ரத்த உற்பத்தி. கடைசி மூணு மாதத்துல மஜ்ஜை பொறுப்பை எடுத்துக்கும். பிறக்கும்போது லிவர் இந்த வேலையிலிருந்து கிட்டத்தட்ட ஓய்வு பெற்றிருக்கும்.

4/
நம்ம சங்கரன்கோவில்காரங்களுக்குத் தறியை வெச்சு சொன்னா சட்டுனு புரியும். சொந்தத் தறிக்கூடம் கட்டி முடியல. அதுக்காக நெசவை நிறுத்த முடியாது. வாடகை இடத்துல தறியைப் போட்டு ஓட்டுவோம். கூடம் ரெடியானதும் ஒவ்வொரு தறியா அங்க மாத்துவோம். மஜ்ஜைங்கிற கூடம் ரெடியாகுற வரைக்கும் லிவர்தான் அந்த வாடகை இடம்.

இந்தத் தறியிலிருந்து வர்ற துணி, அதாவது சிவப்பணு, அதுல ஒரு முத்திரை இருக்கு. பிரச்சனையே அங்கதான்.

5/
அந்த முத்திரையோட பேர் 'டி'. சிவப்பணு மேல இருக்கிற ஒரு புரதம். அது இருந்தா ஆர்.எச். பாசிட்டிவ், இல்லைன்னா நெகட்டிவ். உங்க குரூப்புக்குப் பின்னாடி வர்ற பாசிட்டிவ், நெகட்டிவ் இதுதான். நம்ம நாட்டுல ஏறக்குறைய 100 பேர்ல 5 பேர் நெகட்டிவ். இது நோய் இல்ல. குறை இல்ல. அவங்க உடம்புல ரத்தம் கம்மின்னும் அர்த்தம் இல்ல.

அம்மா நெகட்டிவ், அப்பா பாசிட்டிவ்னா, குழந்தை பாசிட்டிவா இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் குழந்தையோட லிவர் தயாரிக்கிற ஆரம்பகால சிவப்பணுக்கள்லயே 'டி' முத்திரை வந்துடும்.

6/
தாயோட ரத்தமும் குழந்தையோட ரத்தமும் கலக்காது. நடுவுல நஞ்சு இருக்கு. ஆனா பிரசவத்தப்போ, கருக்கலையும்போது, வயித்துல பலமா அடிபடும்போது, குழந்தையோட ரத்தம் கொஞ்சம் தாய்க்குள்ள கசியலாம். 'டி'யைப் பார்த்தே இராத தாயோட எதிர்ப்பு சக்தி, இது யாரோ வெளி ஆள்னு நினைச்சு எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும். அதுக்கு ரொம்ப ரத்தம்கூட வேண்டாம். சில பேருக்கு ஒரு மில்லியில பத்துல ஒரு பங்கு போதும்.

7/
முதல் தடவை இந்த எதிர்ப்பு மெதுவா கிளம்பும். அதுக்குள்ள குழந்தை பிறந்திருக்கும். அதனாலதான் முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகுறதில்ல. ஆனா எதிர்ப்பு சக்திக்கு ஞாபகம் உண்டு. அடுத்த கர்ப்பத்துல பாசிட்டிவ் குழந்தை வந்தா, வேகமா, நிறைய புரதம் தயாராகும். இந்த முறை அது நஞ்சைத் தாண்டி குழந்தைக்குள்ள போற வகைப் புரதம்.

"மொதப் பிள்ளை நல்லாத்தான பொறந்துச்சு, ரெண்டாவதுக்கு மட்டும் ஏன் டாக்டர்?" இந்தக் கேள்விக்குப் பதில் இதுதான்.

8/
இப்ப குழந்தையோட லிவருக்கு வருவோம்.

நெய்து அனுப்புற துணியெல்லாம் வழியிலயே கிழிக்கப்படுது. தாயோட புரதம் ஒட்டின சிவப்பணுக்களை, குழந்தையோட மண்ணீரல் பிடிச்சு அழிச்சுடும். ரத்தசோகை. உடனே உடம்பு "இன்னும் அனுப்பு, இன்னும் அனுப்பு"ன்னு லிவரை விரட்டும். லிவர் இருக்கிற இடத்துல எல்லாம் தறி போடும். வீங்கும். மண்ணீரலும் கூடச் சேர்ந்து வீங்கும். முழுசா நெய்யாத துணியைக்கூட அனுப்ப ஆரம்பிக்கும். அதாவது முதிர்ச்சியடையாத, உட்கரு நீங்காத அணுக்கள் ரத்தத்துல ஓடும்.

9/
அந்த அரைகுறை அணுக்களுக்கு எரித்ரோபிளாஸ்ட்னு பேர். அதை வெச்சுதான் இந்த நோய்க்கே 'எரித்ரோபிளாஸ்டோசிஸ் ஃபீட்டாலிஸ்'னு பேர். தனித்தனி நோய்களா நினைச்சிருந்த பிறவி வீக்கம், கடுமையான மஞ்சள் காமாலை, ரத்தசோகை மூணும் ஒரே நோய்தான்னு 1932ல அமெரிக்காவுல லூயிஸ் டயமண்டும் அவரோட சகாக்களும் எழுதினாங்க. காரணம் தாயோட ரத்தத்துல இருக்குங்கிறதை நியூயார்க்குல லெவினும் ஸ்டெட்சனும் 1939ல கோடு காட்டினாங்க. குழந்தை இறந்து பிறந்த ஒரு தாய்க்கு, கணவரோட ரத்தத்தை ஏத்தினப்போ கடுமையான ஒவ்வாமை வந்ததுல தொடங்கின தேடல் அது.

10/
லிவருக்கு இன்னொரு முக்கிய வேலை இருக்கு: ஆல்புமின்ங்கிற புரதம் தயாரிக்கிறது. ரத்தக் குழாய்க்குள்ள நீரைப் பிடிச்சு வைக்கிறது இது. ரத்த உற்பத்தியிலயே மூழ்கி வீங்கிப்போன லிவர் இதுல பின்தங்கும். ரத்தசோகையால இதயமும் திணறும். குழந்தையோட வயிறு, நெஞ்சு, தோலுக்கடி எல்லாம் நீர் கோர்க்கும். 'ஹைட்ராப்ஸ்'. ஸ்கேன்ல அந்தப் படத்தைப் பார்க்கிற டாக்டருக்கு வார்த்தை வராது.

11/
இதுக்கு லேசான வடிவமும் இருக்கு. குழந்தை உயிரோட பிறக்கும், பார்க்க நல்லாவும் இருக்கும். சிவப்பணு உடைஞ்சு வர்ற மஞ்சள் நிறப் பொருளை வயித்துக்குள்ள இருக்கிற வரைக்கும் அம்மா சுத்தப்படுத்திக்கிட்டிருந்தாங்க. பிறந்ததும் அந்த வேலை குழந்தையோட முதிராத லிவர் தலையில விழும். முதல் 24 மணி நேரத்துலயே மஞ்சள் ஏறும். அளவு மீறினா மூளையில படியும். காது கேளாமை, கை கால் இயக்கக் குறைபாடு வரலாம். இந்த மஞ்சளுக்கு "காலை வெயில்ல காட்டினா சரியாயிடும்"னு வீட்டுல வெச்சிருக்கக்கூடாது. முதல் நாளே மஞ்சள்னா அது அவசரம்.

12/
சிகிச்சை இருக்கா? இருக்கு. 1963ல நியூசிலாந்தோட ஆக்லாந்துல வில்லியம் லைலி, வயித்துக்குள்ள இருந்த குழந்தைக்கே ஊசி வழியா ரத்தம் ஏத்திக் காப்பாத்தினார். இன்னைக்கு ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே தொப்புள்கொடி ரத்தக்குழாய்ல ஊசியைச் செலுத்தி ஏத்துறாங்க. ரத்தம் போதுமான அளவு வந்ததும் லிவரோட அவசர உற்பத்தி தணியும், வீக்கம் இறங்கும்.

ஆனா இதைச் செய்யத் தெரிஞ்ச மையங்கள் பெரிய நகரங்கள்லதான். சில வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்யணும். திருவேங்கடத்துலயோ பனவடலிசத்திரத்துலயோ இருந்து பஸ் பிடிச்சு சங்கரன்கோவில் வந்து, அங்கிருந்து ஹைகிரவுண்டு, அங்கிருந்து இன்னொரு ஊர்னு அலையுற குடும்பத்துக்கு அது எவ்வளவு தூரம்னு யோசிங்க.

13/
இத்தனையையும் தடுக்கிறது ஒரு ஊசி. ஆன்டி-டி.

தாய்க்குள்ள கசிஞ்ச குழந்தையோட அணுக்களை, தாயோட எதிர்ப்பு சக்தி பாடம் படிக்கிறதுக்கு முன்னாடியே அப்புறப்படுத்திடும். 1968ல புழக்கத்துக்கு வந்தது. குழந்தை பாசிட்டிவ்னு தெரிஞ்சா பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ள 300 மைக்ரோகிராம். இது போக, 28வது வாரத்துல ஒரு ஊசி.

14/
கணக்கு பாருங்க. ஊசியே போடலைன்னா, பாசிட்டிவ் குழந்தை பெத்த நெகட்டிவ் தாய்மார்கள் 100 பேர்ல சுமார் 16 பேருக்கு எதிர்ப்புப் புரதம் உருவாகும். பிரசவத்துக்கு அப்புறம் போட்டா அது 1 அல்லது 2 பேர். 28வது வாரத்துலயும் சேர்த்துப் போட்டா 1000 பேர்ல 1 முதல் 3 பேர். இவ்வளவு பலன் தர்ற தடுப்பு முறைகள் மருத்துவத்துல அதிகம் இல்ல.

ஒரு எச்சரிக்கை: புரதம் உருவான பிறகு இந்த ஊசியால பலன் இல்ல. முன்னாடி போட்டாதான்.

15/
இந்த மருந்து முதல்ல மனுஷங்களோட தானத்துல இருந்து வந்தது. ஆஸ்திரேலியாவுல ஜேம்ஸ் ஹாரிசன்னு ஒருத்தர். 14 வயசுல பெரிய ஆபரேஷன், முகம் தெரியாதவங்க ரத்தத்துல பிழைச்சார். அவரோட பிளாஸ்மாவுல ஆன்டி-டி நிறைய இருந்தது. 2018 வரைக்கும் 1,173 தடவை தானம் பண்ணினார். 2025 பிப்ரவரியில 88 வயசுல காலமானார். அவர் கையிலிருந்து வந்தது பல லட்சம் தாய்மார்களுக்குப் போய்ச் சேர்ந்துச்சு.

அவ்வளவு தூரம் வந்து சேர்ந்த ஊசி, நம்ம ஊர்ல ஒரு பெண்ணுக்கு ஏன் சேராம போகுது? என் கருத்து இங்கதான் ஆரம்பிக்குது.

16/
பிரசவம் ஆஸ்பத்திரியில நடக்குது. குரூப் அட்டையில இருக்கு. அங்க பெரும்பாலும் தப்பாது. தப்புறது, கணக்குலயே வராத கர்ப்பங்கள்ல. நாள் தள்ளிப் போச்சு, மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டாச்சு, யாருக்கும் சொல்லல. கருக்கலைப்பு மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாது. அது 9 வாரம் வரைக்கும்தான். ஆனா ஸ்கேன் இல்லாம எத்தனை வாரம்னு யாருக்குத் தெரியும்? குரூப்பை யார் கேட்டா?

17/
ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லணும். 12 வாரத்துக்குள்ள கருக்கலைப்புன்னா ஆன்டி-டி தேவையில்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2022ல சொல்லியிருக்கு. காரணம் நம்ம லிவர் கதையிலயே இருக்கு: எட்டு வாரத்துல உற்பத்தி இப்பத்தான் தொடங்கியிருக்கு, கருவோட மொத்த ரத்தமே ஒரு மில்லிகூட இல்ல. நம்ம நாட்டுல பல மகப்பேறு மருத்துவர்கள் அப்பவும் போடுறாங்க. இந்த விவாதம் டாக்டர்களுக்குள்ள நடக்கட்டும்.

ஆனா 12 வாரத்தைத் தாண்டிட்டா விவாதமே இல்ல, ஊசி வேணும். 9 வாரம்னு நினைச்சுப் போட்ட மாத்திரை உண்மையில 14 வாரமா இருந்தா? அதனாலதான் வாரக் கணக்கை முடிவு பண்ண வேண்டியது ஸ்கேன், மெடிக்கல் கவுண்டர் இல்லைன்னு சொல்றோம்.

18/
சரி, அந்தப் பெண் அடுத்த கர்ப்பத்துல செக்கப்புக்கு வர்றா. நாங்க கேட்கிறோம்: "இதுக்கு முன்னாடி கரு கலைஞ்சிருக்கா? கலைச்சிருக்கீங்களா?" எங்க வெச்சு கேட்கிறோம்? கூட்டமான ஓ.பி.யில. பக்கத்துல மாமியார். பின்னாடி கணவர். கதவோரம் அடுத்த பத்து பேர்.

அவ என்ன பதில் சொல்லுவா? "இல்ல". வேற என்ன சொல்ல முடியும்? கல்யாணத்துக்கு முன்னாடி நடந்ததா இருக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்து மாமியார்கிட்ட மறைச்ச முடிவா இருக்கலாம். "இல்ல"ன்னு அட்டையில எழுதிட்டு, "முதல் கர்ப்பம், பயமில்ல"ன்னு நினைச்சுடுவோம்.

19/
"பொய் சொன்னா நாங்க என்ன பண்றது?"ன்னு என் துறையிலயே பல பேர் கேட்பாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. உண்மை சொன்னா திட்டு விழும்னு தெரிஞ்ச இடத்துல யாரும் உண்மை சொல்ல மாட்டாங்க. அந்தக் கேள்வியைத் தனியா, கதவைச் சாத்திட்டு, "நீங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டாது"ன்னு சொல்லிக் கேட்க ரெண்டு நிமிஷம் போதும். கூட்டம் ஜாஸ்தி, இடம் இல்ல, எல்லாம் எனக்கும் தெரியும். பி.பி. பார்க்க இடம் இருக்கிற இடத்துல இதுக்கும் ஒரு மூலை கண்டுபிடிக்கலாம்.

20/
சட்டமும் அந்தப் பெண் பக்கம்தான். 1971ல வந்த கருக்கலைப்புச் சட்டம், 2021ல திருத்தப்பட்டது. 18 வயசு நிரம்பின பெண்ணுக்கு அவளோட சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து தேவையில்ல. அவ யாருங்கிற விவரத்தை வெளியிட்டா ஓராண்டு வரைக்கும் சிறைன்னு திருத்தச் சட்டம் சொல்லுது. அரசு மருத்துவமனையில இந்தச் சேவை இலவசம். இது தெரியாததாலதான் பல பேர் மெடிக்கலைத் தேடிப் போறாங்க.

21/
அரசுக்கு என் கோரிக்கை ரெண்டு.

ஒண்ணு: நெகட்டிவ் தாய் ஒவ்வொருத்தருக்கும் முதல் செக்கப்புலயும் 28வது வாரத்துலயும் 'இன்டைரக்ட் கூம்ப்ஸ்' பரிசோதனை. எதிர்ப்புப் புரதம் உருவாகியிருக்கான்னு காட்டுறது இதுதான். அவ வாய் திறக்காட்டியும் ரத்தம் சொல்லிடும்.

ரெண்டு: 28வது வார ஊசி, பிரசவ ஊசி மாதிரியே, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி கிடைக்கணும். வெளியில வாங்கினா ஆயிரக்கணக்குல செலவு. விசைத்தறியில நிக்கிற பெண்ணுக்கும் பூ கட்டுற பெண்ணுக்கும் அது பல நாள் கூலி. செலவு அரசுக்கு அதிகமாகுமேன்னு கேட்டா, வீங்கிப் பிறந்த ஒரு குழந்தையைப் பச்சிளங்குழந்தை வார்டுல வாரக்கணக்கா வெச்சுப் பார்க்கிற செலவையும் பக்கத்துல எழுதிப் பாருங்க.

22/
குடும்பங்களுக்கு: பொண்ணு பார்க்கும்போது குரூப் கேட்டு, "நெகட்டிவ்வா, வேண்டாம்"னு சொல்றவங்க இருக்காங்க. "நெகட்டிவ் பொண்ணுக்குப் பிள்ளை தங்காது"ன்னு பேசுறவங்களும் இருக்காங்க. ரெண்டும் அறியாமை. ஊசி சரியா போட்டா அந்தப் பொண்ணுக்கும் மத்தவங்களுக்கும் வித்தியாசமே இல்ல. இந்தப் பேச்சோட விளைவு என்ன தெரியுமா? பொண்ணு வீட்டுல குரூப்பையே மறைப்பாங்க. மறைச்சா ஊசி தப்பும். ஊசி தப்பினா, நீங்க பயந்தது நடக்கும்.

மாப்பிள்ளையும் நெகட்டிவ்னா குழந்தையும் நெகட்டிவ்தான், இந்தப் பிரச்சனையே இல்ல. அதனால கணவர்களும் குரூப் பார்த்துக்கோங்க. ஒரு சின்ன டெஸ்ட்தான்.

23/
நீங்க நெகட்டிவ்னா இதை சேவ் பண்ணி வெச்சுக்கோங்க:

• பள்ளிக்கூட அடையாள அட்டையில போட்டிருக்கிற குரூப்பை நம்பாதீங்க. லேப்ல பார்த்து எழுதி வாங்குங்க.
• கரு கலைஞ்சாலும், கலைச்சாலும், குழாயில கரு தங்கினாலும், கர்ப்பத்துல ரத்தப்போக்கு இருந்தாலும், பைக்ல இருந்து விழுந்து வயித்துல அடிபட்டாலும் 72 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி வந்து "நான் நெகட்டிவ்"னு சொல்லுங்க.
• 72 மணி நேரம் தாண்டிடுச்சா? அப்பவும் வாங்க. 10 நாள் வரைக்கும் போட்டா ஓரளவு பலன் உண்டு.
• 28வது வாரம் போட்டாச்சேன்னு பிரசவத்துக்கு அப்புறம் விட்டுடாதீங்க. குழந்தை பாசிட்டிவ்னா மறுபடியும் வேணும்.
• டிஸ்சார்ஜ் சீட்டுல ஆன்டி-டி போட்ட தேதி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா கேட்டு எழுதி வாங்குங்க.

24/
மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கிற அண்ணன்களுக்கு ஒரே வேண்டுகோள். சீட்டு இல்லாம அந்த மாத்திரை கேட்டு யாராவது வந்தா, விரட்டாதீங்க, விக்கவும் செய்யாதீங்க. "ஜி.எச்.சுக்குப் போங்க, இலவசம், யாருக்கும் சொல்ல மாட்டாங்க"ன்னு மெதுவா சொல்லி அனுப்புங்க. அந்த நம்பிக்கையைக் காப்பாத்த வேண்டியது எங்க வேலை.

25/
எலும்பு ரெடியாகுற வரைக்கும் குழந்தைக்கு ரத்தம் தயாரிச்சுக் கொடுக்கிறது அந்தச் சின்ன லிவர். அதுக்கு நாம செய்ய வேண்டிய உதவி, நேரத்துக்கு ஒரு ஊசி. அதுக்கு முன்னாடி, அந்தப் பெண் பயமில்லாம உண்மையைச் சொல்ல ஒரு இடம்.

உங்க வீட்டுல, தெருவுல, வேலை பார்க்கிற இடத்துல நெகட்டிவ் குரூப் பெண் யாராவது இருந்தா இதை அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. பொதுவுல கேட்கத் தயக்கமா இருந்தா இன்பாக்ஸ் வாங்க. டியூட்டி முடிஞ்சதும் பதில் போடுறேன்.